உலை வைத்து ஐந்து வருஷம்

1

போன வியாழக்கிழமை எங்கள் கட்டுமானத் தளத்தில் எல்லோருக்கும் காப்பியும் ஏலக்காய் போட்ட பன்னும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்பு அச்சடித்த கால அட்டவணைப்படி, நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் அணு உலை அன்றைக்குத்தான் முதன்முதலாக மின்சாரம் கொடுத்திருக்க வேண்டும். அதைக் கொண்டாடக் கேண்டீனில் அப்போதே குறித்து வைத்திருந்தார்கள். பிறகு அட்டவணையை எத்தனையோ முறை திருத்தினார்கள், கேண்டீனுக்குச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள். பன் வந்து இறங்கிவிட்டது. திருப்பி அனுப்ப மூன்று பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் விடுப்பில் இருக்கிறார். ஆகவே தின்றோம்.

உலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இன்னும் கூரை மூடவில்லை. பன்னைக் கடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். உள்ளே தூறிக்கொண்டிருந்தது.

இது எந்த நாடு என்று எழுத மாட்டேன். என் வேலை ஒப்பந்தத்தில் அதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. வடக்கே, கடலோரம், வருஷத்தில் பாதி நாள் சூரியன் ஒப்புக்கு வந்துபோகும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் விருத்தாசலத்துக்காரன். அங்கேயே செராமிக் டிப்ளமா படித்து, கொஞ்சநாள் இங்கும் அங்கும் செங்கல் சூளை, டைல்ஸ் கம்பெனி என்று சுற்றி, 2004-ல் இங்கே வந்து சேர்ந்தேன். அணு உலையில் வேலை என்றதும் ஊரில் என்னை விஞ்ஞானி என்று நினைத்துவிட்டார்கள். நான் காகிதம் பார்க்கிறவன். ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு வெல்டிங் பற்றவைப்புக்கும் ஒரு கட்டுக் காகிதம் உண்டு. அதில் எல்லாக் கையெழுத்தும் விழுந்திருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. உலையின் எடை அதிகமா, அதன் காகிதங்களின் எடை அதிகமா என்று இங்கே ஒரு பந்தயமே நடக்கிறது.

2

இந்தத் தாமதத்தில் மூன்று வாரம் என்னுடையது. அதை மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் ஒருவனைப் போனில் பிடித்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், "தோ வந்துட்டேன்" என்பான். அப்போது அவன் குளித்துக்கொண்டிருப்பான். டீக்கடையில் "டீ என்னாச்சு?" என்றால் "ஆச்சுண்ணே" என்று பதில் வரும், பால் அடுப்பில் ஏறியே இருக்காது. கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். இதில் பொய் ஒன்றும் இல்லை. இனிமேல் நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொல்வது நமக்கு ஒரு மரியாதை. கேட்டவர் மனசு குளிரட்டும் என்றுதான்.

வந்த இரண்டாம் வருஷம் ஒரு சுவருக்குக் கான்கிரீட் ஊற்ற வேண்டியிருந்தது. காகிதக் கட்டில் எல்லாக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது, அரசாங்க ஆய்வாளருடையது மட்டும் பாக்கி. அவரும் என் எதிரில் உட்கார்ந்து பேனாவைத் திறந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் மேலாளர் ஹென்ரிக் போன் செய்து, முடிந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஃபினிஷ்ட், ஃபினிஷ்ட்" என்றேன். என் வாய் ஆங்கிலம் பேசியது, மனசு "ஆச்சுண்ணே" என்றது.

ஆய்வாளர் கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கான்கிரீட் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த 'டிக்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஊற்றியதைப் பெயர்த்தெடுக்க மூன்று வாரம் ஆயிற்று. பிறகு விசாரணைப் படிவம் வந்தது. அதில் 'ஏன்?' என்று ஐந்து தடவை கேட்பார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே மறுபடி ஓர் 'ஏன்?' இருக்கும். நான் யோசித்து யோசித்து ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன்: என் தாய்மொழி.

ஹென்ரிக் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று போனேன். மனிதர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் விளக்கினேன். கேட்டுவிட்டு, "எங்கள் மொழியில் எதிர்காலம் என்பதே கிடையாது. நிகழ்காலத்தை வைத்தே சமாளித்துக்கொள்வோம்" என்றார்.

எதிர்காலமே இல்லாத ஒரு மொழிக்காரர்களும், எதிர்காலத்தை இறந்தகாலத்தில் பேசுகிற ஒருவனும் சேர்ந்து அறுபது வருஷம் ஓட வேண்டிய உலையைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இது உருப்பட்டால் உலகத்தில் எதுவும் உருப்படும்.

மறுவாரமே தளம் முழுக்க ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கையெழுத்து விழுந்த பிறகுதான் 'முடிந்தது' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் அதே சுவரில் பக்கத்திலேயே இன்னொரு தட்டி தொங்கும், வரைபட வேலை தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்று. எண்பதிலிருந்து தொண்ணூறுக்கு வர ஒரு வருஷம் ஆயிற்று. தொண்ணூறிலிருந்து தொண்ணூறுக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. அவர்களை யாரும் ஐந்து ஏன் கேட்கவில்லை.

3

எனக்கு இந்தத் தாமதத்தைக் குறைசொல்லும் யோக்கியதை கிடையாது. என் தங்கும் அனுமதி உலையோடு கட்டப்பட்டது. வேலை முடிகிற தேதி தள்ளிப்போனால் அனுமதியும் தானாகத் தள்ளிப்போகும். முதல் தடவை தேதி தள்ளியபோது, குடியேற்ற அலுவலகத்தில் ஒரு பெண்மணி முத்திரை குத்திக்கொண்டே "வருந்துகிறேன், உங்கள் திட்டம் தாமதமாகிவிட்டதாமே" என்றார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் என் மனைவி வாசுகி என் கையைக் கிள்ளி, "பல்லு தெரியுது, மூடுங்க" என்றாள்.

மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் வந்தோம். வரும்போது எட்டு வயதாக இருந்த மகள் கயல், இப்போது பதின்மூன்று. ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் "உங்க ஊரு" என்கிறாள். வாசுகி திருத்துவாள். அடுத்த வாரம் மறுபடி "உங்க ஊரு".

பள்ளியில் அணுமின்சாரம் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்களாம். நோட்டும் பேனாவுமாக வந்து என்னையே பேட்டி கண்டாள். எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். பாறையைக் குடைந்து ஆழத்தில் வைப்போம் என்றேன். எத்தனை வருஷம் என்றாள். லட்சம் வருஷமாவது பத்திரமாக இருக்க வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டாள். அப்புறம் தலையைத் தூக்கி, "அந்தக் குகை கட்டி முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"ஆச்சும்மா."

"அப்பா ஆச்சா, நிஜ ஆச்சா?"

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு ஆச்சு இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு நுட்பமாகத் தமிழைப் பிரித்துப் பார்க்கிறவள் அதை வாசிக்க மட்டும் மாட்டேன் என்கிறாள்.

4

இனி என் மாப்பிள்ளையின் கதை. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அவரால்தான்.

தங்கை சுமதியின் கணவர் செல்வராசு. கருவேப்பிலங்குறிச்சியில் விவசாயக் குடும்பம். நான் பேச்சோடு பேச்சாக இழுத்துவிட்டதில் செராமிக்குக்கு வந்தவர். விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் எடுத்து, ஃப்யூஸ் கேரியர் செய்கிறார். வீடுகளில் மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாகப் பீங்கான் பிடி இருக்குமே, அதுதான். ஆறு பேருக்கு வேலை கொடுக்கிறார். என்னைவிட நல்ல கைக்காரர். சூளையைத் திறக்கும் முன்பே உள்ளே எத்தனை விரிசல் என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு எமனாக வந்தது கரண்ட். போன வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி ஆடியது என்பது உங்களுக்குத்தான் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணை அரைக்கிற மில் பாதியில் நின்றால் அரைபட்டதெல்லாம் அடியில் கட்டிக்கொள்ளும். மறுபடி ஓட்டினால் அளவு கெட்டுவிடும். கூப்பிடு தூரத்தில் நெய்வேலி. ராத்திரியானால் அந்தப் பக்கம் வானமே வெளிச்சமாக இருக்கும். இந்தப் பக்கம் இவர் கையில் டார்ச்.

"எம்பொழப்பு வேடிக்கையைப் பாருங்க மச்சான்" என்று போனில் சொன்னார். "கரண்டு வந்தாத்தான ஃப்யூஸ் போவும்? ஃப்யூஸ் போனாத்தான எஞ்சரக்கு போவும்? இப்ப செய்யறதுக்கும் கரண்டு இல்ல, விக்கிறதுக்கும் கரண்டு இல்ல."

அப்போதுதான் அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. பேப்பர் முழுக்க அதே பேச்சு. வரிசையாக உலைகள் வரப்போகின்றன, மின்வெட்டு ஒழியப்போகிறது என்று. செல்வராசு உடனே எனக்குப் போன் போட்டார்.

"நீங்க அணு உலையிலயே இருக்கறவரு. ஒங்களுக்குத் தெரியாததா? கரண்டு எப்ப மச்சான் வரும்?"

அந்த நாட்களில் அவருக்கு மஸ்கட்டில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளை மேற்பார்வைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அதை யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். சுமதி சொல்லியிருந்தாள். ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆச்சு மாப்ள. கையெழுத்தே ஆயிடுச்சு. வந்துடுச்சுன்னே வெச்சுக்குங்க."

பழக்கதோஷம்! ஐந்து ஏன் படிவத்தில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட நோய். அதோடு விட்டேனா? அணு எரிபொருளும் நம் சமாச்சாரம்தான், பொடியை அழுத்தி வில்லையாக்கிச் சூளையில் சுட்டால் அதுவும் ஒருவகைப் பீங்கான்தான் என்று வேறு அளந்தேன். அதில் பொய் இல்லை, உண்மைதான். அதை அவர் தொழிற்பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டார். நாளைக்கு டெல்லியிலிருந்து ஆள் வந்து விருத்தாசலத்தில் வில்லை சுடச் சொல்வார்கள் என்று ஒருவர் இடம்கூடப் பார்த்தாராம்.

செல்வராசு மஸ்கட்காரர்களுக்கு இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஷெட்டை விடவில்லை. ஆறு பேரையும் விடவில்லை. ஊர்க்காரன் எவனாவது அப்படிச் சொல்லியிருந்தால் அரைக்காதில் வாங்கியிருப்பார். சொன்னது வெளிநாட்டில், உலைக்குள்ளேயே இருக்கிறவன். அதனால் நம்பினார்.

ஒரு வருஷம் போயிற்று. ஷெட்டில் இப்போது இரண்டு பேர்தான் மிச்சம். சுமதி ஒருநாள் போனை வாங்கி, "ஏண்ணா, அஞ்சு வருசமா உலை வெக்கிறேன் உலை வெக்கிறேன்னு சொல்லுறியே, எப்பதான் அரிசி போடுவீங்க?" என்றாள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

5

கேண்டீனில் பன் தின்ற மறுநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. மஸ்கட்டிலிருந்து மறுபடி கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை விசாவே வந்துவிட்டது. பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். 'அவரு ஒன்கிட்ட பேசிட்டுதான் சொல்லுவேங்கறாரு. ஒழுங்கா பதில் சொல்லு.'

சனிக்கிழமை காலை உட்கார்ந்து கூப்பிட்டேன். இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்வது என்று தீர்மானித்துக் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

"மாப்ள, போன வருசம் நான் சொன்னது தப்பு. கரண்டு வரலை. இப்போதைக்கு வராது."

"சொல்லுங்க மச்சான்."

சொன்னேன். ஒரு உலைக்கு இடம் பிடிக்கவே வருஷங்கள் போகும். அங்கே மீன் பிடிக்கிறவர்களும் பயிர் வைக்கிறவர்களும் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் மண்வெட்டி போட முடியாது, போடவும் கூடாது. உலையின் பெரிய பாத்திரத்தை ஒரே துண்டாக அடித்துக் கொடுக்கிற பட்டறைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணலாம். வாசலில் எல்லா நாடும் வரிசையில் நிற்கிறது. இங்கே பல வருஷமாக யாரும் உலையே கட்டாததால், தெரிந்த கைகள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன. பற்றவைக்கிறவனுக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் பற்றவைக்கவே விடுகிறோம். நம் நாட்டில் ஓடுகிற உலைகளுக்கே யுரேனியம் போதவில்லை.

"நீங்க சூளையில சரக்கை ஏத்திட்டு பாதியில கதவைத் தொறப்பீங்களா? இதுவும் அப்படித்தான். அவசரப்பட்டா வெடிக்கும், அவசரப்படாட்டா தேதி போவும். பணக்கார நாடு, கட்டுறேன் கட்டுறேன்னு நிக்குது. நம்ம ஊருக்கு வந்து சேர பத்து வருசம் ஆவும். மேலயும் ஆவலாம்."

அவர் குறுக்கே பேசவில்லை. என் வாழ்க்கையில் முதல்தடவையாக எதிர்காலத்தை எதிர்காலத்திலேயே சொல்லி முடித்த திருப்தி எனக்கு. காகிதத்தை மடித்து வைத்தேன்.

"மச்சான்" என்றார் செல்வராசு. "இதெல்லாம் எனக்கும் தெரியும். பேப்பர் படிக்கிறேன்ல. போன வருசம் நீங்க ஆச்சுன்னப்பவே ஆவலைன்னு தெரியும். நான் என்னா கொழந்தையா?"

"அப்பறம் ஏன் மஸ்கட் போவல?"

"நீங்க போவ வேணாங்கறத அப்படி சுத்தி வளைச்சு சொல்லுறீங்கன்னு நெனைச்சேன்."

மடித்த காகிதத்தை மறுபடி விரித்தேன்.

"கரண்டு கதைய வுடுங்க. அஞ்சு வருசமா வெளிய இருக்கறவரு நீங்க. வூட்டுல வேற யாருக்குத் தெரியும்? ஒரே வார்த்தை. போவலாமா, வேணாமா?"

வாசுகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கயல் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, எனக்குப் புரியாத பாஷையில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சுமதியின் மகனுக்கும் ஒரே வயது. அவன் இப்போதும் சாயங்காலம் அப்பாவோடு மொபெட்டில் உட்கார்ந்து ஷெட்டுக்குப் போகிறான், சூளைச் சூட்டைக் கையை நீட்டிப் பார்க்கிறான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"போவாதீங்க மாப்ள."

ஏதாவது சொல்வார், எதிர்த்துக் கேட்பார் என்று காத்திருந்தேன். இப்போது கேட்டால் ஷெட்டை எப்படி நடத்துவது, பையன் படிப்பு என்ன ஆவது என்றெல்லாம் பேசலாம், ஏதாவது யோசனை சொல்லலாம் என்று இருந்தேன்.

"சரி மச்சான்" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

வாசுகி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "யோசிச்சுத்தான் சொன்னீங்களா?" என்றாள். யோசித்துச் சொல்லியிருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

6

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் சுமதி கூப்பிட்டாள்.

"ஏஜெண்டுகிட்ட போயி வரலைன்னு சொல்லிட்டு பாஸ்போர்ட்ட வாங்கியாந்துட்டாரு. நீதான் வேணாம்னியாமே?"

ஆமாம் என்றேன். அவள் அழுகிறாளா, கோபமாக இருக்கிறாளா என்று குரலை வைத்து முதலில் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபம்தான். சின்ன வயதிலிருந்து கோபம் வந்தால் அவள் மெதுவாகத்தான் பேசுவாள்.

"ரெண்டு பேரை வெச்சிக்கிட்டு அவரு அந்த ஷெட்டோட மல்லுக்கட்டுறதை நான்தான் தினம் பாக்குறேன். நீ பாக்குறியா? விசா வந்தது. வாசல் வரைக்கும் வந்தது. ஒரே வார்த்தைல திருப்பி அனுப்பிட்ட."

"சுமதி, இங்க இருக்கறது நீ நெனைக்கிற மாதிரி இல்ல..."

"தெரியும்ணா. நல்லா இருந்தா வேணாம்னு சொல்லியிருக்க மாட்ட. அதான் அவரும் நம்புறாரு. மச்சான் மனசுல என்னமோ இருக்குது, இல்லாட்டி அப்படி சொல்லமாட்டாருன்னு சொல்லுறாரு."

பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, அவரு போவல. நீ சொன்னபடி ஆச்சு. வெளிநாடு வேணாம்னா அப்ப நீ எப்ப திரும்பி வர? இந்த வருசமா, அடுத்த வருசமா? தேதி சொல்லு, நான் அவருகிட்ட சொல்லணும்."

எதிரே ஹென்ரிக் தட்டோடு வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அண்ணா? லைன் கேக்குதா? அண்ணா?"

நன்றாகவே கேட்டது.